திமிங்கலம் போக

அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் பொறுப்பில் இருந்ததிலேயே பெரிய உருப்படி, கீழ்த்தளக் கூடத்தில் கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூடு. அதன் நீளம் பக்கத்திலேயே பலகையில் எழுதியிருந்தது. பலகையை யார் படிக்கிறார்கள்? வந்தவர்கள் என் வாயைத்தான் பார்த்தார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பலகையில் இருந்தபடியே சொன்னேன். ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் மொத்தமாகக் கொட்டாவி விட்டது. அடுத்த கூட்டத்துக்கு இரண்டு மீட்டர் சேர்த்தேன், கொட்டாவி நின்றது. அப்புறம் வருடா வருடம் அது வளர்ந்தது. செத்த பிறகு அப்படி வளர்ந்த பிராணி உலகத்தில் வேறு இருக்காது. நான் ஓய்வு பெற்ற அன்று அதன் வால் கூடத்தைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிரே இருந்த பஸ் நிறுத்தம் வரைக்கும் போயிருந்தது.

வீட்டிலும் என் பேச்சு அப்படித்தான். ரொட்டிக் கடையில் ஊரே திரண்டு நின்றது என்பேன். ஆறு பேர் நின்றிருப்பார்கள். மழையில் தெருவில் கட்டில் மிதந்தது என்பேன். ஒரு செருப்பு மிதந்திருக்கும். என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மற்றவர்கள் கண்ணுக்கு எவ்வளவு தெரிகிறது, எவ்வளவு தெரியவில்லை என்று அளந்து சொல்வதுதான் பிழைப்பு. அவருக்கு என்னைக் கட்டிவைத்தார்கள். கல்யாணமான புதிதில் நான் எதையாவது சொல்லி முடித்ததும், "சரி, திமிங்கலம் போக எவ்வளவு?" என்பார். நான் கொஞ்சம் குறைப்பேன். "இன்னும்." இன்னும் குறைப்பேன். மகள் பேசக் கற்றபோதே இதையும் சேர்த்துக் கற்றாள். போகப் போகக் கேட்பதையே விட்டுவிட்டார்கள். நான் சொல்லச் சொல்ல அவர்களே மனசுக்குள் கழித்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் இரண்டு பேருக்கும் இடது புருவம் மட்டும் லேசாக இறங்கும். அப்பாவும் பெண்ணும் ஒரே அச்சு.

ஆகவே, மார்பில் இருப்பது புற்றுநோய்தான் என்று டாக்டர் சொன்னதை வந்து சொன்னபோதும் இரண்டு புருவங்களும் இறங்கின.

"திமிங்கலம் போக சொல்லும்மா" என்றாள் மகள்.

"போக மிச்சம்தான் இது."

அன்றைக்கு எங்கள் வீட்டில் கடிகாரம்கூட ஓடாமல் என்னைப் பார்த்தது.

ஆரம்ப நிலைதான். கட்டியை எடுத்தார்கள். ஒரு கோலிக்குண்டு அளவு. அக்குள் பக்கம் பரவவில்லை. எடுத்த சதையை ஏதோ ஒரு சோதனைச் சாலைக்கு அனுப்பினார்கள். அங்கே அதன் மரபணுக்களைப் பார்த்து, மறுபடி வரும் வாய்ப்பு எவ்வளவு, கீமோ கொடுத்தால் பிரயோசனம் உண்டா என்று ஒரு எண் போட்டுக் கொடுப்பார்களாம். எண் வருவதற்குள் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சக் கறுப்பு முடியும் வெளுத்துவிட்டது. அது எப்படியும் கொட்டத்தானே போகிறது என்று நான் அதற்காக வருத்தப்படவில்லை.

முடிவைக் கேட்க நான் தனியாகத்தான் போனேன். எனக்கு வைத்தியம் பார்த்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. தலை நிறையச் சுருட்டை முடி. அதற்குள் ஒரு குருவி குடும்பம் நடத்தலாம். சுருட்டை டாக்டர் என்றே எனக்குள் பேர். அவள் நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எண் கம்மியா வந்திருக்கும்மா. உங்க வயசு, உங்க கட்டியோட வகை, இந்த எண், மூணையும் சேத்துப் பாத்தா கீமோவால கூடுதலா பெருசா எதுவும் கிடைக்காது. கதிர்வீச்சும், தினம் ஒரு ஹார்மோன் மாத்திரையும் போதும்னு நினைக்கிறேன்."

"அப்ப முடி?"

"இருக்கும்."

அவளைக் கட்டிக்கொள்ளலாம் என்று எழுந்தேன். தையல் போட்ட இடம் சுருக்கென்றது. உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இரண்டு புருவங்கள்.

"கீமோ வேண்டாம்னு அவங்களே சொன்னாங்களா, இல்ல நீ கேட்டு வாங்கிட்டு வந்தியா?" என்றாள் மகள்.

"அவங்களே சொன்னாங்கடி."

"நீ திமிங்கலத்துக்கு அடியில நிக்கற மாதிரி நின்னு கதை சொல்லி, அந்தப் பொண்ணு மயங்கி, சரிம்மா வேண்டாம்னுட்டாளா?"

பழி பொறுக்காமல் அறிக்கையை எடுத்து மேசையில் போட்டேன். மகள் பாலம் கட்டும் பொறியாளர். எண்களை நம்புகிறவள், மனிதர்களைத்தான் சோதித்துப் பார்ப்பாள். படித்தாள். நான் சொன்னது நிஜம் என்று தெரிந்ததும் அவள் முகம் தெளியும் என்று பார்த்தேன். தெளியவில்லை.

"கம்மிதான். பூஜ்யம் இல்லையே" என்றாள்.

"பூஜ்யம்னு யாருக்கு இருக்கு? ரோட்டைத் தாண்டுறவனுக்கு இருக்கா?"

"ஒரு பாலத்து மேல பத்து லாரி போகும்னா நாங்க பத்துக்குக் கட்டறதில்லம்மா. இருபதுக்குக் கட்டுவோம். போகவே போகாத லாரிக்கும் இரும்பு போடுவோம். அதுக்குப் பேர் பயமில்ல, பொறுப்பு."

"அந்த இரும்பும் பாலத்து மேலதானே பாரம்?"

"அது வேற."

என்ன வேறு என்று அவள் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. ஆனால் ஒன்று பிடிபட்டது. நான் வாயால் பெருக்குகிறவள், இவள் இரும்பால் பெருக்குகிறவள். வயிற்றில் பிறந்தது வேறெங்கே போகும்?

வீட்டுக்காரர் போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. எனக்குக் கட்டி என்று தெரிந்த நாளிலிருந்தே மனுஷர் அதைத் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இன்னொரு டாக்டரிடமும் கேட்போம் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். அவரும் சரியென்றால் நானும் சரி என்றாள். மூவரும் போனோம். இந்தப் பெரிய டாக்டரின் காத்திருக்கும் அறையில் நாங்கள் உட்கார்ந்த நேரத்தில், எதிரே அம்மா மடியில் இருந்த குழந்தைக்கு மீசை முளைத்திருக்கும். நாற்காலிகளைச் செய்தவனுக்கு மனித முதுகெலும்பு மேல் என்ன கோபமோ. சுவரில் மீன்தொட்டி, அதில் ஒரே ஒரு மீன். எல்லாரும் அதையே பார்த்ததில் அது வெட்கப்பட்டுக் கல்லுக்குப் பின்னால் போய்விட்டது. ஒரு தொப்பி போட்ட பெண், என்னைவிடச் சின்னவள், கண்ணுக்கு மேலே புருவம் இல்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். திரும்பிச் சிரித்தேன். அப்புறம் வெகுநேரம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பெரிய டாக்டர் நல்ல மனிதர். அதுதான் வினையாகிப் போனது. கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, "முதல்லேருந்து சொல்லுங்க" என்றார். இவ்வளவு வருட வழிகாட்டி வாழ்க்கையில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கூட்டத்தின் முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது. பயத்தில் உள்ளங்கை ஈரமாக இருக்கிறது, வாய் மட்டும் தன் பாட்டுக்கு ஓடுகிறது. எனக்குப் பயம் வந்தால் அப்படித்தான்.

"ஒரு திங்கக்கிழமை குளிக்கறப்ப ஒண்ணுமே இல்ல டாக்டர். சுத்தமா இல்ல. அடுத்த வாரம் பாக்கறேன், ஒரு மிளகு. அதுக்கடுத்த வாரம் கோலிக்குண்டு. கண்ணு முன்னாடியே வளருது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா அது எழுந்து கதவைத் திறந்து வெளியே போயிருக்கும்."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதினார். என் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்களின் புருவங்கள் இறங்கியதை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். எனக்கே ஒரு நிம்மதி. கழித்துவிட்டார்கள், சரி.

அறிக்கையை இரண்டு முறை படித்தார். பேனாவை வைத்தார்.

"எண் கம்மிதான். ஆனா அந்த எண் சொல்றதும் நீங்க சொல்றதும் ஒத்துப் போகல. இவ்வளவு வேகமா வளர்ந்ததுன்னா, அதோட குணம் அந்த எண்ணைவிட முரட்டுத்தனமா இருக்கலாம். ரெண்டும் முரண்படறப்ப நான் பாதுகாப்பான பக்கம்தான் சாய்வேன். நாலு தவணை கீமோ எடுத்துக்கறது நல்லதுன்னு எனக்குத் தோணுது."

மகள் பெருமூச்சு விட்டாள். அது வருத்தமா, ஆறுதலா என்று இன்றுவரை அவளைக் கேட்கவில்லை.

முதல் தவணைக்கு நாள் குறித்தார்கள். கொட்டுவதற்கு முன் நானே தலையை ஒட்ட வெட்டிக்கொண்டேன். முடி வெட்டியவள், "ரொம்ப எடுப்பா இருக்கும்மா" என்றாள். அவளும் என் ஜாதிதான், பெருக்கிப் பேசுகிற ஜாதி. கண்ணாடியில் நனைந்த கோழி ஒன்று என்னைப் பார்த்தது. எல்லாரிடமும் தமாஷ் பேசினேன். குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டால் மட்டும் தமாஷ் தீர்ந்துபோனது. உள்ளே ஒரே கேள்வி: இது வேண்டியதுதானா? வேண்டாததற்கு உடம்பைக் கொடுக்கிறேனா, அல்லது வேண்டியதை வேண்டாம் என்று சொல்லிச் சாகப் போகிறேனா? பதில் தெரிந்தவள் ஒருத்தியும் உள்ளே இல்லை.

தவணைக்கு முன்னால் அக்கா வந்தாள். என் கூடப் பிறந்த ஒரே அக்கா. அவளுக்கும் இதே வியாதி வந்து, அது அக்குள் வரை பரவி, கீமோ முழுதாக எடுத்துக்கொண்டு, இன்றும் என்னை அதட்டிக்கொண்டு உயிரோடு இருக்கிறாள். தையல்காரி. கீமோவில் மரத்துப்போன விரல் நுனிகள் திரும்பவேயில்லை. ஊசியைப் பிடித்தால் பிடித்திருக்கிறோமா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். வெந்நீரைக் கையால் தொட்டுப் பார்க்க மாட்டாள், முழங்கையை விட்டுத்தான் பார்ப்பாள். அன்றும் தேநீர்க் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளால் அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி தலை இது, யாராவது மேஞ்சுட்டாங்களா?"

"நானே மேயச் சொன்னேன்."

"எனக்குக் குடுத்தே ஆகணும்னாங்க. உனக்கு எண் கம்மின்னுதானே சொன்னே? அப்புறம் எதுக்கு?"

"வேகமா வளர்ந்திருக்காம் பெரியம்மா. அதான் டாக்டருக்கு சந்தேகம்" என்றாள் மகள்.

"வேகமாவா? யார் சொன்னா?"

"அம்மாதான் சொன்னா. ரெண்டு வாரத்துல வந்துதுன்னு."

அக்கா கோப்பையை மேசையில் வைத்தாள். வைத்துவிட்டோமா என்று பார்த்துக்கொண்டாள்.

"இவ சொன்னா. நீ பக்கத்துலதானே இருந்தே?"

"இருந்தேன். நான் கழிச்சுக்கிட்டேன்."

"மாப்பிள்ளை, நீங்க?"

"நானும் கழிச்சேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"டாக்டர் கழிச்சாரா?"

அவர் எப்படிக் கழிப்பார்? அவர் எங்கள் வீட்டில் வளர்ந்தவரா? மூன்று பேரும் அந்த அறையில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அவரவர் கணக்கைக் கச்சிதமாக முடித்துக்கொண்டோம். எழுத வேண்டிய மனிதருக்குத் திமிங்கலத்தை வாலோடு கொடுத்துவிட்டு வந்துவிட்டோம்.

மகள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "சரிம்மா. இப்ப சொல்லு. திமிங்கலம் போக எவ்வளவு நாள்?"

சொல்ல வாயெடுத்தேன். இரண்டு வாரம் இல்லை, அது தெரியும். ஒரு மாதமா? மூன்று மாதமா? நலம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமாகச் சொல்லியிருந்தேன். கேட்பவர் முகத்துக்குத் தகுந்தபடி நாள் குறைந்தது, கட்டி வளர்ந்தது. அடியில் இருந்த நிஜம் எது என்று தேடினால், எல்லாம் என் கதைதான் வந்தது. பலகையில்லாத திமிங்கலம்.

"தெரியலடி" என்றேன். அந்த வீட்டில் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். இதில் மிகை இல்லை.

"அக்கா, நீ சொல்லு. நீ எடுத்துக்கிட்டியே. அதனாலதானே பிழைச்சே?"

அக்கா தன் விரல்களைப் பார்த்தாள். "இருக்கலாம். எடுக்காம இருந்தாலும் பிழைச்சிருப்பேனோ என்னமோ. எடுத்த நான் ஒருத்திதான் இருக்கேன். எடுக்காத நான் எங்க இருக்கா, அவளைக் கேக்க? என் கதையை வெச்சு நீ முடிவு பண்ணாத. உனக்குப் பரவல."

மறுநாள் பெரிய டாக்டரிடம் போனோம். அதே நாற்காலிகள், அதே மீன். உள்ளே போனதும் மகள் நேராகச் சொல்லிவிட்டாள்: அம்மா எதையும் பெரிதாக்கிச் சொல்வாள், எங்களுக்குப் பழக்கம், உங்களுக்குச் சொல்லத் தோன்றவில்லை. டாக்டர் கோபிக்கவில்லை. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நான் கேட்டதைத்தான் எழுதினேன்."

"நல்லாதான் எழுதினீங்க டாக்டர். சரக்குதான் சரியில்ல" என்றேன். மகள் என் காலை மிதித்தாள்.

"அப்ப எப்ப முதல்ல தெரிஞ்சுது?"

"ஒரு மாசம். ரெண்டு இருக்கலாம். இல்ல..." என் வாய், ஊரையே கட்டி நிறுத்திய வாய், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் திக்கியது.

"கடைக்குப் புதுப் பலகை மாட்டின அன்னிக்கு" என்றார் என் வீட்டுக்காரர்.

நானும் மகளும் டாக்டரும் அவர் பக்கம் திரும்பினோம். அவர் கண்ணாடி கையில் இருந்தது. துடைக்கவில்லை, சும்மா பிடித்திருந்தார்.

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம். காலையில நான் சவரம் பண்ணிட்டிருந்தேன். இவ பின்னாடி வந்து நின்னு, இங்க பட்டாணி மாதிரி ஒண்ணு இருக்குங்கன்னா. அப்ப கடுகு இருக்கும்னு சொன்னேன். பலகை மாட்டறவன் வாசல்ல நிக்கறான்னு போயிட்டேன். இவளும் சிரிச்சா. நானும் சிரிச்சேன்."

எனக்கு முதலில் ஞாபகம் வந்தது சிரிப்புத்தான். கடுகு என்றதும் அவர் கன்னத்து நுரை தெறித்து என் மேல் விழுந்தது. அதற்குத்தான் சிரித்தேன். அதன் பிறகுதான் என் விரல் நுனியில் அந்தப் பட்டாணி வந்தது. அது பட்டாணிதான். ஒரு சுற்றுக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. இவ்வளவு வருடக் கல்யாணத்தில் ஒரே ஒரு தடவை சரியான அளவைச் சொல்லியிருக்கிறேன், அதற்கும் கழிவு போட்டாயிற்று. அவர் கடுகு என்றதும் நானும் அதைக் கடுகாக்கி மறந்திருக்கிறேன்.

"அப்பா" என்றாள் மகள்.

"கட்டின்னு தெரிஞ்ச அன்னியிலேருந்து சொல்லணும்னு இருக்கேன். வாய் வரல."

பெரிய டாக்டர் அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். பிறகு அறிக்கையைத் திரும்ப எடுத்தார்.

"அன்னிக்கே வந்திருந்தா நல்லதுதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒரு பட்டாணி கோலிக்குண்டாக இவ்வளவு காலம் எடுத்திருக்குன்னா, இது நிதானமான ஆசாமி. ஞாபகத்தை வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இப்ப எண்ணும் நீங்க சொல்றதும் ஒரே பக்கம் சாயுது. முதல்ல பாத்த டாக்டர் சொன்னதுல நான் தப்பு காணல. கீமோ வேணும்னு நான் இனிமே வற்புறுத்த மாட்டேன்."

"எதுக்கும் இருக்கட்டும்னு குடுத்தா?" மகளின் குரல் கெஞ்சியது. பாலம் கட்டுகிறவள் குரலாக இல்லை.

"எதுக்கும் இருக்கட்டும்னு குடுக்கற மருந்து இல்லம்மா இது. நரம்பைத் தொடலாம், ரத்தத்தைத் தொடலாம், சிலருக்கு இதயத்தையே தொடலாம். பலன் நல்லா தெரிஞ்சா அதெல்லாம் தாங்கிக்கலாம். இங்க பலன் இருக்கான்னே தெரியல. குடுக்காம விட்டு நாளைக்குத் திரும்பி வந்தா, குடுத்திருந்தா தடுத்திருக்குமான்னும் எனக்குத் தெரியாது. அம்மாதான் சொல்லணும்."

மகள் என் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. "திமிங்கலம் போக சொல்லு. உனக்கு என்ன வேணும்?"

"பயமா இருக்கு. எடுக்கவும் பயம், விடவும் பயம். எடுக்கற பயத்துக்குத் தினம் ஒரு பேர் தெரியுது, அக்காவோட விரல் தெரியுது. விடற பயத்துக்கு முகமே இல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கியது. "வேண்டாம். கதிர்வீச்சு எடுத்துக்கறேன், மாத்திரை போட்டுக்கறேன். கீமோ வேண்டாம்."

அவள் தலையசைத்தாள். சம்மதித்தாளா, தோற்றாளா தெரியவில்லை. பெரிய டாக்டர் தாளில் ஒரு கோடு போட்டார். மீன் கல்லுக்குப் பின்னாலிருந்து வந்து எங்களை வழியனுப்பியது.

இப்போது கதிர்வீச்சு முடிந்துவிட்டது. முடி வளர்கிறது, கோழி காய்ந்துவிட்டது. மாத்திரையால் மூட்டுகள் காலையில் துருப்பிடித்த கதவு மாதிரி முனகுகின்றன. சோதனைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் உடம்பு முழுக்கக் காதாகிவிடுகிறது. சரியாகத்தான் செய்தோமா என்று யாரும் பேசுவதில்லை. நல்லபடி இருந்தால் இருந்துகொண்டே இருக்கப்போகிறேன், அவ்வளவுதான். சரிதான் என்று யாரும் வந்து சொல்லப்போவதில்லை.

வீட்டில் ஒரு மாற்றம். கழிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

நேற்று காலை ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பழைய ஞாபகத்தில், "கை வலி தாங்கல. தோள்லேருந்து கழண்டு தரையில விழுந்து, தானா நடந்து போயிடும் போல இருக்கு" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டு புருவங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. வீட்டுக்காரர் எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். "எந்த இடம்? எப்பலேருந்து?" மகள் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள், சுருட்டை டாக்டருக்கு அழைப்பு போய்க்கொண்டிருந்தது.

"மாத்திரை வலிதாண்டி. சும்மா சொன்னேன். கழிச்சுக்கோங்க."

"எவ்வளவு கழிக்கணும்னு தெரியலம்மா" என்றாள்.

அவர் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. வலி எவ்வளவு என்று எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன். கூட்டாமல், குறைக்காமல் ஒரு அளவு சொல்ல வேண்டும். இரண்டு பேரும் காத்திருந்தார்கள். போனில் மணி அடித்துக்கொண்டிருந்தது.